காஸ்மோஸ் 1818: 1987ல் அணைந்த அணு உலை, இன்னும் மேலே

“சோவியத் யூனியன் ஏவிய ஒரு சோதனை செயற்கைக்கோள், உள்ளே அணு உலையோடு, இன்னும் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறதாமே? எதற்காக அனுப்பினார்கள், கீழே விழுமா, விழுந்தால் என்ன ஆகும், ஏன் யாரும் அதை எடுத்துவரவில்லை?” இதுதான் கேள்வி. பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். ஆமாம், சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. பெயர் காஸ்மோஸ் 1818. 1987 பிப்ரவரி 1ஆம் தேதி பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து சிக்லோன்-2 ராக்கெட்டில் மேலே போனது. அதே வருஷம் ஜூலை 10ஆம் தேதி அதன் ஜோடியான காஸ்மோஸ் 1867 போனது. இரண்டும் சுமார் 800 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு 65 டிகிரி சாய்ந்த பாதையில், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 100 நிமிஷம் என்று ஓடிக்கொண்டிருக்கின்றன. நம் காலத்திலோ நம் பேரப்பிள்ளைகள் காலத்திலோ அவை தானாகக் கீழே வந்துவிடாது, அதனால் தலையில் விழுமோ என்ற பயம் வேண்டாம். ஆனால் “விழாது, ஆகவே பிரச்சினை இல்லை” என்று பலரும் எழுதிவிடுகிறார்கள், அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த உலையைச் செய்தவர்கள் செய்த வேலை அருமையான வேலை. வேலை முடிந்த பிறகு அதை என்ன செய்வது என்ற இடத்தில்தான் யோசனை பாதியில் நின்றுவிட்டது, அந்தப் பாதி யோசனை இன்னும் மேலே சுற்றுகிறது.

சரி, செயற்கைக்கோளில் அணு உலையை ஏன் வைக்க வேண்டும்? சூரியத் தகடு போதாதா?

பெரும்பாலானவற்றுக்குப் போதும். ஆனால் சோவியத் கடற்படைக்கு ஒரு தேவை இருந்தது. கடலில் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்கள் எங்கே நிற்கின்றன என்று இரவிலும் மேகத்துக்கு மேலிருந்தும் பார்க்க வேண்டும், அதற்கு ரேடார்தான் வழி. ரேடாரில் ஒரு சங்கடம் உண்டு. அனுப்பும் அலை போகும்போதும் பலவீனப்படும், எதிரொலி திரும்பி வரும்போதும் பலவீனப்படும், ஆகவே தூரம் இரண்டு மடங்கானால் அதே எதிரொலி கிடைக்க 16 மடங்கு சக்தி வேண்டும். அதனால் அந்தச் செயற்கைக்கோள்களை 250 கிலோமீட்டர் அளவிலேயே தாழ்வாக ஓட்டினார்கள். அவ்வளவு தாழ்வில் காற்று மெலிதாக இருந்தாலும் இருக்கிறது. பெரிய சூரியத் தகட்டை விரித்தால் பாய் விரித்த படகு மாதிரி காற்றில் இழுபட்டுச் சீக்கிரம் விழுந்துவிடும். சின்ன உருவம், நிறைய மின்சாரம், இரவு பகல் பேதமில்லாமல் வேண்டும் என்றால் அந்தக் காலத்தில் கையில் இருந்த விடை அணு உலைதான்.

அப்படித்தான் 1970 முதல் 1988 வரை ‘பூக்’ என்ற சின்ன உலையோடு முப்பது செயற்கைக்கோள்களுக்கு மேல் போயின. ஒவ்வொன்றிலும் 30 கிலோ அளவுக்கு உயர்செறிவு யுரேனியம். உலை 100 கிலோவாட் வெப்பம் கொடுக்கும், அதிலிருந்து கிடைக்கும் மின்சாரமோ வெறும் 3 கிலோவாட். மிச்சமெல்லாம் வெப்பமாகவே விண்வெளிக்குப் போய்விடும். ஆயுளும் மாதக்கணக்கில்தான். வேலை முடிந்ததும் உலைப் பகுதி மட்டும் பிரிந்து, தன் சொந்த ராக்கெட்டைப் பற்றவைத்து 900 கிலோமீட்டருக்கு மேலே ஏறிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அதை ‘சேமிப்புச் சுற்றுப்பாதை’ என்பார்கள். கதிரியக்கம் அடங்கும் வரை அங்கேயே கிடக்கட்டும் என்று கணக்கு.

ஒரு தடவை அந்தக் கணக்கு தப்பியது. காஸ்மோஸ் 954 என்ற செயற்கைக்கோள் 1977 செப்டம்பரில் போனது, அதன் உலை பிரிந்து மேலே ஏறவில்லை. 1978 ஜனவரி 24ஆம் தேதி அது உலையோடு சேர்ந்து கனடாவின் வடமேற்கில், பனி மூடிய ஆளரவமற்ற நிலத்தில், 600 கிலோமீட்டர் நீளத்துக்குச் சிதறி விழுந்தது. கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து கடும் குளிரில் 1,24,000 சதுர கிலோமீட்டரை மாதக்கணக்கில் சல்லடை போட்டுத் தேடின. கனடா 60 லட்சம் டாலருக்குச் சற்று மேல் நஷ்டஈடு கேட்டது, கடைசியில் 1981ல் சோவியத் யூனியன் 30 லட்சம் கனடிய டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. 1972ஆம் வருஷத்துப் பொறுப்பு ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது, ஒரு நாட்டின் விண்பொருள் இன்னொரு நாட்டில் சேதம் செய்தால் ஏவிய நாடுதான் பொறுப்பு என்று சொல்வது. கனடா அதைக் காட்டித்தான் கேட்டது.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் இந்த வகைச் செயற்கைக்கோள் எதுவும் போகவில்லை. 1980ல் மறுபடி தொடங்கியபோது ஒரு மாற்றம் செய்திருந்தார்கள்: எரிபொருள் உள்ளகத்தையே உலையிலிருந்து வெளியே தள்ளிவிடுவது. மேலே தள்ள முடியாமல் போனாலும், தனியாக வரும் உள்ளகம் காற்றில் முழுசாக எரிந்து பொடியாகிவிடும், காஸ்மோஸ் 954 மாதிரி துண்டு துண்டாகத் தரைக்கு வராது என்ற யோசனை. 1983ல் காஸ்மோஸ் 1402 விழுந்தபோது இதுதான் கைகொடுத்தது. அதன் உடல் ஜனவரியில் இந்தியப் பெருங்கடல் மேலும், உள்ளகம் பிப்ரவரியில் தெற்கு அட்லாண்டிக் மேலும் எரிந்தன. இந்த மாற்றத்துக்கு ஒரு பக்கவிளைவும் இருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது நம் ஆளுக்கு வரலாம்.

காஸ்மோஸ் 1818ம் 1867ம் உளவு பார்க்கப் போனவை அல்ல. அடுத்த தலைமுறை உலை ஒன்றை விண்வெளியில் ஓட்டிப் பார்க்கத்தான் போயின. திட்டத்தின் பெயர் பிளாஸ்மா-ஏ. வெளியே இதெல்லாம் சொல்லவில்லை. 1962லிருந்து வானிலை, அறிவியல், உளவு, தோற்றுப்போனது என எல்லாவற்றுக்கும் ‘காஸ்மோஸ்’ என்று ஒரே பெயரும் வரிசை எண்ணும் கொடுப்பது அவர்கள் பழக்கம், அந்த வரிசையில் இவையும் கலந்துவிட்டன. உள்ளே இருந்த உலையின் பெயர் டோபாஸ். ரத்தினக் கல்லின் பெயர் போல இருந்தாலும் அது ரஷ்ய மொழியில் ஒரு சுருக்கம், ‘உலையின் உள்ளகத்திலேயே வெப்பத்தை மின்னாக்கும் சோதனைக் கருவி’ என்கிற மாதிரி பொருள் வரும். மாஸ்கோவின் கிராஸ்னயா ஸ்வெஸ்தா நிறுவனமும் ஒப்னின்ஸ்க் இயற்பியல் ஆய்வுக்கூடமும் சேர்ந்து பல வருஷம் உழைத்த உலை இது. ஒப்னின்ஸ்க் என்றால் 1954ல் உலகிலேயே முதல்முறையாக அணு மின்சாரத்தை மின்கட்டத்துக்குக் கொடுத்த ஊர்.

இந்த உலையின் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். வழக்கமான அணு மின் நிலையத்தில் யுரேனியம் சூடாகும், அது தண்ணீரைக் கொதிக்க வைக்கும், நீராவி டர்பைனைச் சுற்றும், டர்பைன் ஜெனரேட்டரைச் சுற்றும். டோபாஸில் டர்பைனும் இல்லை, நீராவியும் இல்லை, சுற்றுகிற பாகம் என்று மின்சாரம் செய்யும் வேலையில் எதுவுமே இல்லை. யுரேனியத்தைச் சுற்றி ஓர் உலோகக் குழல். எரிபொருளின் சூட்டில் அது 1,500 டிகிரிக்கும் மேலே காய்கிறது. உலோகம் அவ்வளவு சூடானால் அதிலிருந்து எலக்ட்ரான்கள் ஆவி பறப்பது போல வெளியே பறக்கும். அந்தக் குழலைச் சுற்றி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி விட்டு, அதைவிடக் குளிர்ந்த இன்னொரு குழல். பறந்த எலக்ட்ரான் இந்த இடைவெளியைத் தாண்டிப் போய் அதில் உட்கார்ந்தால், வெளியே கம்பி வழியாகத் திரும்பி வரவேண்டும். அதுதான் மின்னோட்டம். அவ்வளவுதான் ஜெனரேட்டர்!

இடைவெளியில் ஒரு தொல்லை வரும். பறக்கிற எலக்ட்ரான்கள் அங்கே கூட்டமாகக் குழுமினால், பின்னால் வருவதை அவையே விரட்டிவிடும். அதைச் சரிக்கட்ட அந்த மெல்லிய இடைவெளிக்குள் சீசியம் ஆவியை விடுவார்கள். சீசியம் அணுக்கள் சுலபமாக நேர்மின் அயனிகளாகி எலக்ட்ரான் கூட்டத்தின் எதிர்மின்னைச் சமன் செய்யும், உலோகப் பரப்புகளில் படிந்து எலக்ட்ரான் ஏறி இறங்குவதையும் எளிதாக்கும். இப்படிப்பட்ட குழல்கள் உலைக்குள் எழுபதுக்கும் மேல். நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்க சிர்க்கோனியம் ஹைட்ரைடு, வெளியே பெரிலியம் பிரதிபலிப்பான், உலையைக் கட்டுப்படுத்தத் திரும்பும் உருளைகள். எரிபொருள் 12 கிலோ அளவு யுரேனியம்தான், பூக் உலையில் பாதிகூட இல்லை. வெப்பம் 150 கிலோவாட், மின்சாரம் 5 கிலோவாட்டுக்கு மேல்.

காஸ்மோஸ் 1818ல் உலை 142 நாள் ஓடியது. காஸ்மோஸ் 1867ல் 342 நாள். இரண்டிலுமே முடிந்துபோனது யுரேனியம் இல்லை, சீசியம். அந்த ஆவியைத் திரும்பப் பிடித்துப் பயன்படுத்தாமல் இடைவெளி வழியாக அனுப்பி வெளியே விட்டுவிடும் அமைப்பு அது, கையிருப்பு தீர்ந்ததும் உலையை நிறுத்தினார்கள். ஒரு சோதனைக்கு 342 நாள் என்பது பெரிய சாதனை, எந்தக் கணக்கில் பார்த்தாலும். இதற்குப் பிறகு இந்த வகை உலையோடு யாரும் எதையும் ஏவியதில்லை.

இதே செயற்கைக்கோள்களில் இன்னொரு சோதனையும் நடந்தது, அதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. உலை கொடுத்த மின்சாரத்தில் ஹால் வகை மின்னுந்துபொறிகளை ஓட்டிப் பார்த்தார்கள். வாயுவை அயனியாக்கி மின்புலத்தால் வெளியே தள்ளும் பொறி அது. தள்ளுவிசை ஒரு காகிதத்தின் எடை அளவுதான், ஆனால் மாதக்கணக்கில் விடாமல் தள்ளும். 1960களில் மாஸ்கோவின் குர்ச்சாத்தவ் அணு ஆய்வு நிறுவனத்தில் அலெக்ஸி மரோசவ் குழு வளர்த்த தொழில்நுட்பம். 1971 டிசம்பரில் போன ஒரு மெட்டியோர் செயற்கைக்கோளில் முதலில் பறந்தது. இன்று ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றிலும் இருப்பது இந்த ஹால் வகைப் பொறிதான்.

அப்புறம் ஒரு துப்பறியும் கதை. சோவியத் தரப்பு வாயைத் திறக்காதபோது இந்த உலைகள் ஓடுவது வெளியே எப்படித் தெரிந்தது?

நாசாவிடம் ‘சோலார் மேக்ஸ்’ என்று சூரியனைப் பார்க்க 1980ல் ஏவிய செயற்கைக்கோள் ஒன்று இருந்தது. சூரிய வெடிப்புகளிலிருந்து வரும் காமா கதிர்களை அளக்கும் கருவி அதில் உண்டு. அந்தக் கருவி சில நேரங்களில் சூரியனோடு சம்பந்தமே இல்லாத பதிவுகளைக் காட்டியது. திடீரென்று ஏறும், கொஞ்ச நேரத்தில் அடங்கும். சோவியத் உலை ஒன்று சில நூறு கிலோமீட்டர் தூரத்தில் கடந்து போகும்போது அதிலிருந்து வந்த காமா கதிர் அது. இதைவிட வினோதமான இன்னொரு வகைப் பதிவும் வந்தது. உலையின் காமா கதிர் அந்த உலையைச் சுமக்கும் செயற்கைக்கோளின் வெளிச்சுவரிலேயே பட்டு எலக்ட்ரானையும், அதன் எதிர்த்துகளான பாசிட்ரானையும் ஜோடி ஜோடியாக உண்டாக்கும். அந்தப் பாசிட்ரான்கள் வெளியே தப்பி, பூமியின் காந்தப்புலக் கோடுகளில் சிக்கி, அந்தக் கோடுகளின் வழியே பூமியைச் சுற்றி மெல்லிய ஓடு போலப் பரவி நிற்கும். சோலார் மேக்ஸ் அந்த ஓட்டுக்குள் நுழையும்போது, அதன் உடம்பில் பாசிட்ரான்கள் மோதி அழிந்து, 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா கதிராகப் பதிவாகும். அதாவது உலை பூமிக்கு அந்தப் பக்கம் இருந்தால்கூட இந்தப் பக்கம் தெரியும்! இந்த விவரங்கள் பல வருஷம் வெளியே வரவில்லை, 1989ல்தான் ஆய்வுக் கட்டுரைகளாக வந்தன. அவற்றில் காஸ்மோஸ் 1818, 1867 இரண்டின் கதிரும் பிடிபட்டிருந்தது.

காமா வானியலாளர்களுக்கு இது எவ்வளவு பெரிய இம்சை என்று யோசித்துப் பாருங்கள். விண்வெளியின் ஆழத்திலிருந்து சில வினாடிகள் மட்டும் பாய்ந்து மறையும் காமா வெடிப்புகள் எங்கிருந்து வருகின்றன, பக்கத்திலா பிரபஞ்சத்தின் கோடியிலா என்றே தெரியாத காலம் அது. காஸ்மோஸ் 1818 போன நான்கே நாளில், 1987 பிப்ரவரி 5ஆம் தேதி, ஜப்பான் ‘கிங்கா’ என்ற எக்ஸ் கதிர் செயற்கைக்கோளை ஏவியது. அதன் வெடிப்பு உணரியும் இந்த உலைகளைப் பார்த்துப் பார்த்துப் பொய்யாக விழித்துக்கொண்டது. உண்மையான வெடிப்பு ஒன்று வரும்போது நினைவகம் ஏற்கெனவே ஒரு உலையின் பதிவால் நிரம்பியிருந்தால் அந்த வெடிப்பு போனது போனதுதான்.

சரி, உலை நின்றுவிட்டது, 1988ல் பூக் வரிசையும் முடிந்துவிட்டது, கதையும் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

2008 ஜூலை 4ஆம் தேதி. காஸ்மோஸ் 1818 மேலே போய் 21 வருஷம் கழித்து, அதைச் சுற்றிப் புதிதாகச் சின்னச் சின்னப் பொருள்கள் அமெரிக்க ரேடார்களில் தெரிய ஆரம்பித்தன. சுமார் 30. மெதுவாகத்தான் பிரிந்திருந்தன, வெடித்துச் சிதறியது போல இல்லை. செயற்கைக்கோள் முழுசாகவே இருந்தது. அப்படியென்றால் எதன் துண்டுகள்? ரேடாரில் அவற்றின் சாயல் உலோகக் கோளங்கள் போல இருந்தது. சின்ன உலோக உருண்டைகள்.

இங்கேதான் முன்பு தள்ளிவைத்த பக்கவிளைவு வருகிறது. விண்வெளி உலையில் வெப்பத்தைக் கொண்டுபோகத் தண்ணீர் பயன்படாது, திரவ உலோகம் வேண்டும். கல்பாக்கத்து வேக ஈனுலையில் திரவ சோடியம் ஓடுகிறது என்று படித்திருப்பீர்கள். சோடியம் 98 டிகிரியில்தான் உருகும், அதற்குக் கீழே குளிர்ந்தால் குழாய்க்குள் கட்டியாகிவிடும். அதனால் விண்வெளி உலைக்காரர்கள் சோடியத்தோடு மூன்று மடங்குக்கு மேல் பொட்டாசியம் கலந்தார்கள். அந்தக் கலவை பூஜ்ஜியத்துக்குக் கீழே 12 டிகிரி போனாலும் திரவமாகவே இருக்கும். பார்க்கப் பாதரசம் மாதிரி வெள்ளி நிறம், எடை மட்டும் தண்ணீரைவிடக் குறைவு. காற்றில் பட்டால் பற்றிக்கொள்ளும், ஆனால் மேலே காற்று ஏது?

பூக் உலைகளிலிருந்து உள்ளகத்தை வெளியே தள்ளியபோது இந்தத் திரவக் குழாய்களும் திறந்துகொண்டன. 1980க்கும் 1988க்கும் இடையே 16 தடவை இப்படி நடந்தது. ஒவ்வொரு தடவையும் கிலோக்கணக்கில் திரவ உலோகம் வெளியே ஒழுகி, விண்வெளியில் உருண்டு திரண்டு, துளித் துளியாகச் சுற்ற ஆரம்பித்தது. மாசசூசெட்ஸில் உள்ள ஹேஸ்டாக் ரேடார் 1990களில் சின்ன விண்குப்பைகளை எண்ணத் தொடங்கியபோது 900 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி, 65 டிகிரி சாய்வில், எதிர்பார்த்ததைவிட ஏகப்பட்ட உருண்டைகள் இருப்பதைப் பார்த்துத் திகைத்தார்கள். தேடிப்போனால் ஊற்று இதுதான். பூமியில் யாருக்கும் ஆபத்து வரக்கூடாது என்று நல்லெண்ணத்தோடு சேர்த்த ஒரு பாதுகாப்பு ஏற்பாடு, மேலே ஆயிரக்கணக்கான குண்டுகளைத் தூவிவிட்டது.

டோபாஸில் இந்த உள்ளகத்தைத் தள்ளும் ஏற்பாடு இல்லை. ஆரம்பத்திலேயே 800 கிலோமீட்டரில் வைத்துத்தான் உலையை ஓட்டினார்கள், அதனால் தள்ள வேண்டிய தேவையும் இல்லை. குழாய்கள் மூடியே இருந்தன, திரவம் உள்ளேயே இருந்தது. அப்படியிருந்தும் 21 வருஷம் கழித்து ஒழுகியது. இரண்டு காரணங்களைச் சொல்கிறார்கள். ஒன்று, எங்கிருந்தோ வந்த மிகச் சிறிய துகள் ஒரு குழாயில் மோதி ஓட்டை போட்டிருக்கலாம். இன்னொன்று, வெயிலும் நிழலும். ஒரு நாளைக்கு 14 சுற்று, பெரும்பாலான சுற்றுகளில் ஒரு தடவை வெயிலில் காய்ந்து ஒரு தடவை பூமியின் நிழலில் குளிரும். 1987 பிப்ரவரியிலிருந்து 2008 ஜூலை வரை கணக்குப் போட்டால் ஒரு லட்சத்துக்கும் அதிகமான சுற்றுகள். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் ஒடிகிற மாதிரி, குழாயின் ஏதோ ஒரு பற்றவைப்பில் விரிசல் விட்டிருக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் கவலை தருகிறது. ஏனென்றால் துகள் மோதுவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. வெயிலும் நிழலும் அங்கே கிடக்கும் ஒவ்வொரு பழைய உலைக்கும் அன்றாடம் நடப்பது. அமெரிக்காவின் ஸ்நாப்-10ஏ உலையும் 1965 ஏப்ரலில் போய், 43 நாள் ஓடி, இன்னும் 1,300 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அதிலும் இதே கலவைதான். 1979லிருந்து அதுவும் துண்டுகளை உதிர்த்திருக்கிறது.

அந்தத் துளிகள் கதிரியக்கமா என்று அடுத்து கேட்பீர்கள். உலை ஓடும்போது ஆமாம். அப்போது உண்டாகும் சோடியம்-24ன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 15 மணி நேரம், ஆகவே உலை நின்ற சில நாளிலேயே அது அடங்கிவிடும். இன்றைக்கு அந்தத் துளியில் பயப்பட வேண்டியது கதிரியக்கத்தை இல்லை, வேகத்தை. ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள துளி, சுண்டைக்காய் அளவு, அரை கிராம்கூட எடை வராது. வினாடிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் அது இன்னொரு செயற்கைக்கோளில் மோதினால் வெளியாகும் ஆற்றல், ஆளோடு சேர்த்து 200 கிலோ எடையுள்ள மோட்டார் பைக் மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதுவதற்குச் சமம். அதுவும் அத்தனையும் ஒரு சுண்டைக்காய் அகலத்தில் இறங்கும்.

இப்போது உலைக்குள் இருப்பது. இதில் பலரும் மிகைப்படுத்துகிறார்கள், அதனால் எண்களோடு சொல்கிறேன். 150 கிலோவாட் வெப்பத்தில் 142 நாள் முழுசாக ஓடியது என்று வைத்துக்கொண்டாலும் பிளந்த யுரேனியம் 22 கிராம் அளவுதான். காஸ்மோஸ் 1867ல் 54 கிராம். ஒரு பெரிய அணு மின் நிலையம் அரை மணி நேரத்துக்குள் பிளப்பது இந்த அளவு. அந்தப் பிளவுப் பொருள்களில் நெடுநாள் நிற்பவை சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90, இரண்டுக்கும் அரை ஆயுள் 30 வருஷத்தை ஒட்டி. 300 வருஷம் போனால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். 800 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு பொருள் சில நூறு வருஷம் நிற்கும் என்பதால்தான் அந்த உயரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1992ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற கோட்பாடுகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன: உலையைப் போதிய உயரத்தில் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஓட்ட வேண்டும், கதிரியக்கம் அடங்கும் வரை அது கீழே வரக்கூடாது, மற்ற விண்பொருள்களோடு மோதும் வாய்ப்பும் குறைவாக இருக்க வேண்டும்.

அந்தக் கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். 1987ல் 800 கிலோமீட்டர் உயரம் ஓரளவு காலியான இடம். 2007 ஜனவரியில் சீனா தன் பழைய வானிலைச் செயற்கைக்கோள் ஒன்றை 865 கிலோமீட்டர் உயரத்தில் ஏவுகணையால் அடித்து நொறுக்கியது, கண்காணிக்கக்கூடிய துண்டுகளே 3,000க்கு மேல். 2009 பிப்ரவரி 10ஆம் தேதி சைபீரியாவுக்கு மேலே, செயலிழந்த காஸ்மோஸ் 2251ம் வேலை செய்துகொண்டிருந்த இரிடியம் 33ம் ஒன்றோடொன்று மோதி இரண்டுமே சுக்குநூறாயின. மோதிய உயரம் 789 கிலோமீட்டர். காஸ்மோஸ் 1818 சுற்றுகிற அதே அடுக்கு. இன்று தாழ்வான சுற்றுப்பாதைகளிலேயே குப்பை நெரிசல் அதிகமான அடுக்கும் அதுதான். சேமித்து வைத்த இடம் பாதுகாப்பானது என்று நினைத்தபோது அந்த இடம் அப்படியே இருக்கும் என்றும் சேர்த்து நினைத்துவிட்டார்கள். முழு செயற்கைக்கோளாக இருக்கும்வரை அது மெல்ல மெல்லத்தான் இறங்கும். மோதி உடைந்தால், எடைக்கு மிஞ்சிய பரப்புள்ள சின்னத் துண்டுகள் காற்றின் இழுப்பில் 300 வருஷம் காத்திருக்காமல் முன்னாலேயே கீழே வரும். அவற்றில் சில எரிபொருள் துண்டுகளாக இருக்கலாம். வாய்ப்பு சிறியது, ஆனால் பூஜ்ஜியம் இல்லை, அதுவும் பல தலைமுறைக்கு நீளுகிற வாய்ப்பு.

அப்படியானால் ஏன் எடுத்துவரவில்லை? முதல் தடை சட்டம். 1967 விண்வெளி ஒப்பந்தப்படி ஒரு விண்பொருள் செத்துப்போனாலும் அதைப் பதிவு செய்த நாட்டுக்கே சொந்தம், சோவியத் யூனியனின் இடத்தில் இப்போது ரஷ்யா இருக்கிறது, அவர்கள் சம்மதமில்லாமல் வேறு யாரும் அதைத் தொட முடியாது. இரண்டாவது தடை, அதைப் பிடிப்பது. பிடித்துக்கொள்வதற்கென்று கைப்பிடியோ வளையமோ வைத்துக் கட்டியது இல்லை, கட்டுப்பாடு இல்லாமல் கிடக்கிறது, ஏற்கெனவே ஒரு தடவை விரிசல் விட்டது, கை வைக்கும் இடத்தில் மறுபடி ஒழுகலாம். இந்த வித்தை இப்போதுதான் வளர்கிறது: 2024ல் ஜப்பானின் ஆஸ்ட்ரோஸ்கேல் நிறுவனம் அனுப்பிய கலம் ஒன்று, மேலே கிடந்த பழைய ஜப்பானிய ராக்கெட் பாகத்துக்கு 15 மீட்டர் பக்கத்தில் போய் நின்று காட்டியது. பிடிக்கவில்லை, பக்கத்தில் நின்றதே பெரிய விஷயம்.

பிடிக்க முடிந்தாலும் கீழே கொண்டுவரக் கூடாது என்பேன். மற்ற குப்பையைக் கீழே தள்ளிக் காற்றில் எரிப்பது சரியான வழி, இதை எரித்தால் காஸ்மோஸ் 954ஐ நாமே வரவழைத்துக்கொள்வது போல. இதை மேலே ஏற்ற வேண்டும். நெரிசலான அடுக்கைத் தாண்டி, ஸ்நாப்-10ஏ இருக்கிற 1,300 கிலோமீட்டர் மாதிரி உயரத்துக்குப் போனால் ஆயிரக்கணக்கான வருஷம் அங்கே கிடக்கும். அவசரமும் இல்லை, மாதக்கணக்கில் மெல்லத் தள்ளினால் போதும். அப்படி மெல்லத் தள்ளுவதற்கு இன்று நம்மிடம் இருக்கிற பொறிகளில் மிகவும் பொருத்தமானது ஹால் உந்துபொறி, காஸ்மோஸ் 1818 தன்னோடு எடுத்துப்போய் மேலே ஓட்டிப் பார்த்த அதே வகை.